புதுக்காலுக்குப் பழைய நிறம்

கேள்வி: பழைய மகோகனி மேசையின் கால் ஒன்று உடைந்துபோனதால் அதே மரத்தில் புதுக்கால் கடைந்து பொருத்தினேன். மற்ற மூன்றும் கருஞ்சிவப்பு, இது மட்டும் வெளிறித் தெரிகிறது. பொட்டாசியம் டைகுரோமேட்டைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் நிறம் ஒன்றிவிடும் என்கிறார் நண்பர். கையுறை போட்டுக்கொண்டு பால்கனியில் செய்யலாமா?

பதில்: நண்பர் சொன்னது பொய்யில்லை. டைகுரோமேட் சாயமே அல்ல. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து மரத்தையே கறுக்க வைக்கும். சில நிமிடங்களிலேயே நிறம் ஏறிவிடும். அந்த அழகில் மயங்கித்தான் தொழில் கற்ற நாளில் நானும் வெறுங்கையால் பூசினேன். விரல் மூட்டில் சின்ன வெடிப்பு இருந்தது. கொஞ்ச நாளில் அந்த இடம் பயறு அளவுக்கு வட்டமாகக் குழிந்துவிட்டது. வலியே இல்லை, அதனால் கண்டுகொள்ளவும் இல்லை. ஆறுவதற்கு மாதக்கணக்கானது. இன்றைக்கும் ஈர சிமென்ட் பட்டால் கை அரித்துத் தடிக்கும். டைகுரோமேட்டில் இருக்கும் அதே வகைக் குரோமியம் சிமென்ட்டிலும் துளியளவு உண்டு.

கையுறை கையைக் காக்கும், சரி. மூச்சுக்கு? தண்ணீர்க் கரைசல் பட்டதும் மர நார் சிலிர்த்துக்கொள்ளும். காய்ந்தபின் உப்புத்தாள் போடாமல் யாராலும் இருக்க முடியாது. அப்போது பறக்கும் தூசியில்தான் ஆபத்து. இந்த வகைக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தரும், முக்கியமாக நுரையீரலில், என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பால்கனி என்றால் தூசி வீட்டுக்குள்ளும் வரும், பக்கத்து வீட்டுத் துணியிலும் படியும். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. ஒரு மேசைக்காலுக்கு இவ்வளவு தேவையா?

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பாட்டிலைத் திறக்காமல், லேபிளைக் கிழிக்காமல், ரசாயனக் கழிவு வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

வினிகரில் இரும்புத்தூளை ஊறப்போட்டுப் பூசும் வழியையும் யாராவது சொல்வார்கள். அது சாம்பல் கலந்த கறுப்பைத்தான் தரும், உங்களுக்கு ஆகாது. மகோகனிக்கு வெயில் போதும். காலைக் கழற்றி, பாலிஷ் போடாமல், சில வாரம் வெயிலில் வையுங்கள். தானாகவே நிறம் ஏறிக் கறுக்கும். குறைகிற சிவப்புக்குத் தண்ணீரில் கரையும் மரச்சாயம் ஒரு கை பூசலாம். கடைந்த மிச்சத் துண்டில் முதலில் பூசிப் பாருங்கள். வெயிலில் வைக்கும்போது தினமும் மேசைக்காலைக் கொஞ்சம் உருட்டி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கறுத்தால் அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.