கடல் தண்ணில இவ்ளோ வைரஸா?

கேள்வி: டர்பன் பீச்சுல குளிக்கும்போது என் பையன் ரெண்டு மடக்கு கடல் தண்ணி குடிச்சிட்டான். ஒரு சொட்டுலயே லட்சக்கணக்குல வைரஸ் இருக்குன்னு அவன் அக்கா பயமுறுத்துறா, நெஜமாவா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பொண்ணு சொல்ற கணக்கு சரிதாம்மா, ஆனா பயம் வேணாம். ஒரு மில்லி கடல் தண்ணில சுமார் 1 கோடி வைரஸ் இருக்கும், 1989ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல எண்ணிப் பாத்தப்போ விஞ்ஞானிங்களே அசந்துட்டாங்க. அதுல பெரும்பாலானது பாக்டீரியாவ மட்டும் தாக்குற ஃபேஜ்ங்கிற வைரஸ் வகை, மனுஷ செல்லுல அதால பெருக முடியாது. (மழைக்கப்புறம் சாக்கடை கலந்த தண்ணி வேற கதை, அதுல பையன இறங்கவே விடாதீங்க.)

இந்த ஃபேஜுங்க செய்ற வேலைதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. கடல் பாக்டீரியாவுல சுமார் 20% தினமும் ஃபேஜாலயே சாகுது, செல் வெடிச்சதும் உள்ள இருந்த கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் தண்ணில கரைஞ்சு மத்த பாக்டீரியாவுக்கும் பாசிக்கும் சாப்பாடா போயிடுது, அதனால அந்தச் சத்துல ஒரு பங்கு மீன் வரைக்கும் ஏறாம கீழயே சுத்திக்கிட்டு இருக்கும். எந்த பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகுதோ அதோட ஃபேஜும் கூடவே பெருகி அத அடக்கிடும், அதான் ஒரே இனம் கடல் முழுக்க ஆக்கிரமிக்க முடியறதில்ல.

இன்னொரு கூத்து, ஒளிச்சேர்க்கை பண்ற பாக்டீரியாவத் தாக்குற சில ஃபேஜ், ஒளிச்சேர்க்கைக்கான ஜீனையே கையோட கொண்டுவருது! தான் பெருகி முடியிற வரைக்கும் அந்த செல் வெயில்ல வேல பாத்துக்கிட்டே இருக்கணுமாம், என்ன சாமர்த்தியம் பாருங்க.