220 கோடியா, 3,380 கோடியா: எது சரியான தூரம்?

கேள்வி (பள்ளி மாணவி): ஐயா, ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் மண்டலம் 1,350 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது என்று ஒரு செய்தியிலும், 3,380 கோடி என்று இன்னொன்றிலும் படித்தேன். எதை நம்புவது?

பதில்: இரண்டும் ஒரே அளவீட்டிலிருந்து வந்தவையே. ஆனால் 1,350 கோடி என்பது தூரமன்று. ஒளி வழியில் கழித்த ஆண்டுகள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டறிந்த அம்மண்டலத்தின் ஒளியில், சிலி நாட்டிலுள்ள அல்மா வானொலித் தொலைநோக்கி வரிசை ஆக்சிஜனின் தடத்தைக் கண்டு, அதன் செம்பெயர்ச்சியை (ஒளியின் அலைநீளம் தன் பழைய அளவைப்போல் எத்தனை மடங்கு கூடுதலாக நீண்டு சிவந்தது என்ற அளவை) 14.18 என வரையறுத்தது. ஒளி புறப்பட்ட நாளில் இருந்ததைக் காட்டிலும் அண்டத்தின் பெரும் இடைவெளிகள் இன்று 15.18 மடங்காகிவிட்டன என்பதே இதன் பொருள். அளவிட்டது இவ்வளவுதான், மற்ற எண்கள் யாவும் அண்டம் விரிந்த வரலாற்றை வைத்துக் கணக்கிடப்படுபவை. அக்கணக்கின்படி, ஒளி புறப்பட்டபோது அம்மண்டலத்துக்கும் நமக்கும் (அதாவது, பின்னாளில் பால்வீதியாகத் திரண்ட பொருளுக்கும்) இடையே சுமார் 220 கோடி ஒளியாண்டுகளே இருந்தன. இன்று 3,380 கோடி. எந்தக் காலத்துத் தூரம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

கேள்வி (பொறியாளர்): 220 கோடி ஒளியாண்டுகளைக் கடக்க ஒளிக்கு 1,350 கோடி ஆண்டுகள் எதற்கு?

பதில்: இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்த ஒளி புறப்பட்டபோது அண்டத்தின் வயது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள். விரிவு மிகக் கடுமையாக இருந்த காலம் அது. அம்மண்டலம் நம்மிடமிருந்து விலகிய வீதம் ஒளியின் வேகத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு. ஆகவே, நம்மை நோக்கிப் புறப்பட்ட ஒளி, வெள்ளத்தில் எதிர்நீச்சல் போடுபவர் பின்னோக்கி அடித்துச் செல்லப்படுவதுபோல, நம்மிடமிருந்து விலகிக்கொண்டேயிருந்தது. ஆனால் பொருளின் ஈர்ப்பால் விரிவின் வீதம் தணிந்துகொண்டே வந்ததால், ஒளி இருந்த இடம் நம்மை விட்டு விலகும் வீதம் படிப்படியாகக் குறைந்தது. அண்டத்தின் வயது 400 கோடி ஆண்டுகளை எட்டியபோது அது ஒளியின் வேகத்துக்குச் சமமாயிற்று. அக்கணத்தில் ஒளி நம்மிலிருந்து சுமார் 580 கோடி ஒளியாண்டு தொலைவில் இருந்தது. அதன் பிறகே உண்மையில் நெருங்கி வரத் தொடங்கியது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஒளியை மிஞ்சிய வேகம் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டுக்கு முரணல்லவா?

பதில்: இல்லை. ஓரிடத்தில் ஒளியைக் கடந்து எப்பொருளும் ஓட முடியாது என்பதே விதி. தொலைதூர மண்டலங்கள் விலகுவது வெளி விரிவதால். அதற்கு அந்த வரம்பு இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவர்): நெடும்பயணத்தில் ஒளி ஆற்றலை இழந்து சிவந்துவிடுகிறது என்று ஏன் கொள்ளக்கூடாது?

பதில்: வானியலாளர் பிரிட்ஸ் ஸ்விக்கி 1929இல் ஏறக்குறைய இதையே முன்மொழிந்தார்; அன்று அது நியாயமான ஐயம். ஒளி வெறுமனே களைத்துப்போகிறது என்றால் நிறம் மட்டுமே மாற வேண்டும். ஆனால் 'ஒன்று ஏ' வகை சூப்பர்நோவாக்கள் எனும் விண்மீன் வெடிப்புகளைக் கவனித்தால், செம்பெயர்ச்சி 1 உள்ள வெடிப்பு, அருகில் நிகழும் அதே வகை வெடிப்பைவிட இரு மடங்கு காலம் எடுத்து மங்குகிறது. அலைநீளம் நீண்ட அதே விகிதத்தில் நிகழ்ச்சியின் கால அளவும் நீள்வதை விரிவு இயல்பாக விளக்குகிறது, களைப்பு விளக்குவதில்லை.

கேள்வி (இல்லத்தரசி): அந்த மண்டலத்திலிருந்து இன்று புறப்படும் ஒளி நம் சந்ததியினரை என்றாவது எட்டுமா?

பதில்: எட்டாது. அண்டத்தின் விரிவை முடுக்கிவிடும் இருள் ஆற்றல் இன்றுள்ளபடியே நீடிக்குமானால், இப்போது சுமார் 1,650 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள எதிலிருந்தும் இன்று கிளம்பும் ஒளி ஒருபோதும் நம்மை வந்தடையாது. இம்மண்டலமோ அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. எவ்வளவு காலம் காத்திருந்தாலும், அண்டத்தின் வயது ஏறத்தாழ 330 கோடி ஆண்டுகளாக இருந்தபோது அது எப்படியிருந்தது என்பது வரைதான் காண இயலும்; அந்தக் கடைசிக் காட்சிகளும் மேன்மேலும் சிவந்து, மெதுவாகி, மங்கிக்கொண்டே வரும்.