எல்இடி டெஸ்டிங்: கண் கூசினால் கூலிங் கிளாஸ் தேடாதீர்கள்

வீட்டிலேயே 9 வாட் பல்பும் டிவி பேக்லைட் ஸ்ட்ரிப்பும் சரி பண்ணும் ஒரு வாசகர், எரியவிட்டுப் பார்த்தாலே கண் கூசுகிறது, அப்புறம் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு புள்ளி மிதக்கிறது, எந்த கூலிங் கிளாஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

எதுவும் வாங்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடி போட்டால் எல்இடி மட்டுமா மங்கும், சால்டரிங்கும் பிளஸ் மைனஸ் குறியும் 230 வோல்ட் பக்கம் போகிற உங்கள் விரலும் சேர்ந்துதான் மங்கும். வெளிச்சத்தை எல்இடியிலேயே குறைத்துவிடுங்கள்.

எரிகிறதா இல்லையா என்று பார்க்க 1, 2 மில்லிஆம்பியர் தாராளம். ஒரு 24 வோல்ட் டிசி அடாப்டர், அதன் பாசிட்டிவ் வயரில் 10 கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர் (கால் வாட் போதும்), இரண்டு புரோப், அவ்வளவுதான். பல்புக்குள் வருகிற சிப் 3 வோல்ட், 6, 9, 18 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; 3 வோல்ட் சிப்பில் இது சுமார் 2 மில்லிஆம்பியரும் 18 வோல்ட் சிப்பில் 0.6-ம் விடும், எதுவும் கருகாது. பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிய பிறகுதான் இதெல்லாம்.

மங்கலாக எரிவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முழு வெளிச்சத்தில் வெறும் வெள்ளைப் பிழம்பாகத் தெரியும் சிப், இப்போது மஞ்சள் பூச்சுக்குள் எத்தனை புள்ளி எரிகிறது என்பதையே காட்டும். பக்கத்துச் சிப்பில் இரண்டு, இதில் ஒன்றுதான் என்றால் உள்ளே ஒன்று ஷார்ட், மாற்றிவிடுங்கள்.

பெஞ்ச் சப்ளை (வோல்டேஜையும் கரண்டையும் மாற்றி வைக்கிற டிசி சப்ளை) வைத்திருப்பவர்கள் வோல்டேஜ் குமிழைத் திருகி வெளிச்சத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். சரிப்படாது, துளி ஏற்றினாலும் கரண்ட் எகிறிவிடும். கரண்ட் லிமிட்டை இறக்குங்கள், ஆனால் மலிவான சப்ளைகளில் 2 மில்லிஆம்பியரை நம்பி வைக்க முடியாது, அங்கேயும் ரெசிஸ்டர்தான் கைகொடுக்கும். மெயின்ஸ் வயரில் சீரிஸாக ஒரு பழைய குண்டு பல்பு போட்டால் (சீரிஸ் பல்பு) வெளிச்சம் குறையும் என்றும் நினைக்காதீர்கள்; எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் அந்தக் கரண்டைக் குறையாமல் பிடித்து நிறுத்தப் பார்க்கும், மங்குவதற்குப் பதில் மினுக்கவும் செய்யலாம். அது ஷார்ட்டுக்குக் காவல், அந்த மட்டில் போடலாம்.

சூடேறின பிறகு அணைகிற கோளாறு மட்டும் குறைந்த கரண்டில் பிடிபடாது, முழுசாக எரியவிட்டே ஆக வேண்டும். பல்பு என்றால் கழற்றின பால் நிற மூடியையே திரும்ப மாட்டுங்கள், உள்ளே மெயின்ஸ் கரண்ட் ஓடும் போர்டில் கை படாமலும் இருக்கும். பேக்லைட் ஸ்ட்ரிப்பை இரண்டு முனையிலும் எதையாவது முட்டுக் கொடுத்து, எல்இடி பக்கம் கீழே இருக்கிற மாதிரி வெள்ளைத் தாளுக்கு மேல் நிறுத்துங்கள். தாளில் வரிசையாக விழும் வட்டங்களில் எது இல்லையோ, அந்த இடத்து எல்இடிதான் போயிருக்கிறது. 50 வாட் ஃப்ளட் லைட் மாதிரி சமாச்சாரத்தின் மேல் தாளோ துணியோ போடவே கூடாது, கருகிவிடும். அதைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். அறை விளக்கையும் போட்டுவிடுங்கள், இருட்டில்தான் கூச்சம் அதிகம்.

சின்ன எலக்ட்ரானிக்ஸ் மாட்யூல் போர்டுகளில் கண்ணைக் குத்தும் அந்த நீல இண்டிகேட்டருக்கு ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும். டேப் ஒட்டப் பிடிக்காதவர்கள் அதன் 1 கே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கே போடலாம்.