ஏழாம் நாள் மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டி என் ஊர். மதுரையில் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டு பி.எஸ்சி. மாணவிகள் 60 பேருக்குக் கைகழுவுதல் பற்றிப் பாடம் நடத்தி அதன் பலனை அளப்பது என் ஆய்வு. பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, ஏழாம் நாள் அதே தேர்வு. மதிப்பெண் நன்றாகக் கூடியிருக்கிறது. ஆனால் வீட்டில் “இதை யார் படிக்கப்போகிறார்கள்?” என்கிறார்கள். நர்சிங் கல்வி பற்றிய ஆய்வுக்கு உண்மையில் மதிப்பு உண்டா? 60 பேர் போதுமா? தமிழிலும் எழுதலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

60 பேர் போதுமா என்பதை உங்கள் கைடு சொல்லட்டும். தமிழில் எழுத என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம், எழுதுங்கள். வீட்டில் சொல்வதை விட்டுத்தள்ளுங்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த ஏழாம் நாளைப் படித்தபோதுதான். சில மாதங்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தையே நீங்கள் கிளறிவிட்டீர்கள்.

நடத்திய பாடத்திலிருந்தே கேள்வி எடுத்து, ஒரு வாரத்துக்குள் கேட்டால் மதிப்பெண் கூடாமல் என்ன செய்யும்? சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி எடுத்தவர்களின் கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது என்று எத்தனையோ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990இல் நான்கு படிகளைச் சொன்னார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வதென்று தெரிந்திருப்பது, செய்துகாட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. உங்கள் வினாத்தாள் கீழ்ப்படியிலேயே நிற்கிறது. கட்டிலில் கிடப்பவருக்கு வேண்டியது நான்காவது.

கைகழுவுதலை எடுத்துக்கொண்டுவிட்டு ஹங்கேரிய மருத்துவர் செம்மல்வெய்ஸை மறக்கலாமா? வியன்னாவில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இன்னொன்றில் மருத்துவச்சி மாணவிகள். மாணவர்களின் பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். பிணம் அறுத்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847 மே மாதம் செம்மல்வெய்ஸ் அவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த பிரிவில் ஜூனில் இரண்டு சொச்சம். மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அவர் அளக்கவில்லை. எத்தனை தாய்மார்கள் பிழைத்தார்கள் என்று எண்ணினார். நோயாளியை எண்ணாத கல்வி ஆய்வில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்பாவின் கால் புண்ணுக்காக மதுரையில் ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்தோம். சர்க்கரைப் புண். போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சிக்கு வந்த ஒரு நர்சிங் மாணவியிடம் கைகழுவுவது எப்படி என்று பேச்சுவாக்கில் கேட்டேன். சோப்பு என்றால் 40 முதல் 60 நொடி என்பது உட்பட எல்லாப் படிகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். வார்டுக் கோடியில் இருந்த குழாயில் தண்ணீர் வரவில்லை. சானிடைசர் பாட்டில் காலி. மூத்த நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் டிரெஸ்ஸிங் முடித்த அதே கையுறையோடு அப்பாவிடம் வந்தார். அந்தப் பெண் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளும் அப்படியே செய்தாள்.

அவள்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. இட்லி வேண்டாமென்று அப்பா அடம்பிடித்தபோது கெஞ்சிக் கெஞ்சி ஊட்டியவள் அவள்தான். ஆனால் வகுப்பில் படித்ததை வார்டு ஒரே நாளில் அழித்துவிட்டது. மூத்தவர் கைகழுவாவிட்டால் கூட இருக்கும் இளையவர்களும் கழுவுவது குறைகிறது என்று ஆய்வே உண்டு. உங்கள் ஆய்வில் அந்த மூத்தவர் எங்கே? குழாய் எங்கே? வார்டில் தண்ணீர் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் மாணவியின் அறிவை அளந்தால், நாளை ஏதாவது தவறு நடந்தால் பழி முழுவதும் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்மேல் விழும். அதற்கா இவ்வளவு உழைப்பு?

நல்ல பயிற்சிக்கு வியன்னா வரை போகவும் வேண்டாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். கற்கும் இடமும் பிறகு வேலை செய்யும் இடமும் ஒன்றே. பார்வை அளப்பதிலிருந்து அறுவை அரங்கில் உதவுவது வரை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

சரி, செய்ததைத் தூக்கிப்போட வேண்டாம். மூன்று மாதம் கழித்து, முறைப்படி அனுமதி வாங்கி, அதே 60 பேரையும் போஸ்டிங் வார்டில் போய்ப் பாருங்கள். யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் ஒழுங்காகக் கழுவுவார்கள், அதனால் முதல் சில நாள் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வந்ததா, சோப்பு இருந்ததா, பக்கத்தில் நின்ற மூத்தவர் கழுவினாரா என்று குறியுங்கள். நோயாளியிடமும் கேளுங்கள். எண் சரிந்திருந்தால் மறைக்காதீர்கள். கைடு முகம் சுளித்தாலும் அதை வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், சொல்லுங்கள். அப்புறம் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.