ஞாயிறு மதியம் வீடு பார்க்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 36. வேலை மாற்றலாகி, இதுவரை ஓர் இரவுகூடத் தங்கியிராத ஒரு பெருநகரத்துக்கு இரண்டு மாதத்தில் குடிபோகிறேன். கூட வருவது 68 வயது அம்மா மட்டும். அவருக்கு முழங்கால் வலி. இத்தனை ஆண்டுகள் புறநகரில் இருந்துகொண்டு தினமும் மூன்று மணி நேரத்தைப் பயணத்தில் தொலைத்தேன். இந்த முறை நகரின் நடுவிலேயே குடியிருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி, பழைய சந்தைப் பகுதி, புதிதாக உணவகங்கள் பெருகியிருக்கும் ஒரு பகுதி என மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். புது அலுவலகத்தில் விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

ஆளுக்கு ஒன்று சொல்லத்தான் செய்வார்கள். கடன் வாங்கி வீடு வாங்கியவர் தன் பகுதியைக் குறை சொல்லமாட்டார். வாடகை ஏறியதால் அங்கிருந்து கிளம்பியவர் அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசமாட்டார். இருவரும் பொய் சொல்லவில்லை. நடுநகரில் ஒரு முனை திரும்பினாலே வேறு ஊருக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். முன்தெருவில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கலையாது. அதற்கு இரண்டு தெரு பின்னால் ஒன்பது மணிக்கே விளக்கணைத்துப் படுத்திருப்பார்கள். இரண்டுக்கும் பகுதியின் பெயர் ஒன்றுதான். அதனால் எந்தப் பகுதி என்பதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, எந்தத் தெரு, படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில் தொடங்குங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், புது ஊரில் ஒரு ஞாயிறு மதியம் வீடு பார்த்தேன். நல்ல வெளிச்சம், அமைதியான தெரு. மாலைக்குள் முன்பணம் கொடுத்துவிட்டேன். திங்கள் விடிகாலை நாலரை மணிக்குப் பின்சந்தில் ஒரு லாரி பின்னோக்கி வரத் தொடங்கியது, அந்தக் கீச்சிடும் எச்சரிக்கை ஒலியுடன். பிறகு இரும்பு ஷட்டர் உயர்ந்தது, பிளாஸ்டிக் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன, யாரோ யாரையோ பெயர் சொல்லித் திட்டினார்கள். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு மொத்த விற்பனைக் கிடங்கு. நான் வீடு பார்த்த ஞாயிறு அதற்கு விடுமுறை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிவதற்குள் திட்டு வாங்கும் அந்த ஆளின் பெயர் மட்டுமல்ல, அவர் எந்தக் கிழமைகளில் தாமதமாக வருவார் என்பதும் எனக்கு அத்துப்படி.

ஆகவே பிடித்த தெருவுக்கு மூன்று வேளை போங்கள்: வேலை நாளில் இரவு பதினொன்றுக்கு, விடிகாலையில், ஒரு மழை நாளில். கிடைத்தால் சனிக்கிழமை இரவிலும். போனால் முன்வாசலில் நின்று திரும்பிவிடாமல் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். உணவகத்தின் புகைபோக்கி விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது, குளிர்சாதன இயந்திரங்களின் வெளிப்பெட்டிகள் எங்கே வரிசையாக மாட்டியிருக்கின்றன, குப்பைத் தொட்டி எங்கே, ஜெனரேட்டர் எங்கே? இவை எல்லாமே பின்பக்கத்தில்தான் இருக்கும். படுக்கையறையும் பெரும்பாலும் அங்கேதான்.

இரைச்சலுக்கு ஓர் அளவும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலைப் போக்குவரத்தின் இரவு நேரச் சராசரி இரைச்சல் 45 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நடுநகரில் இதை எட்டும் வீடு அரிது. கைபேசிச் செயலி காட்டும் எண் தோராயமானதுதான் என்றாலும் இரண்டு வீடுகளை ஒப்பிட உதவும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 55-க்கும் 65-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தரகர் சொன்னால், அந்த ஜன்னலோரம் அவர் தூங்கிப் பார்த்ததில்லை.

அடுத்தது நடை. ‘நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். யாருடைய நடை? ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு இதற்கென்று விதியே இருக்கிறது: 80 மீட்டருக்கு ஒரு நிமிடம். ஏறவேண்டிய மேடும் காத்திருக்கவேண்டிய சிக்னலும் அந்தக் கணக்கில் சேராது. அதன்படி 800 மீட்டர் பத்து நிமிடம். உங்களுக்குச் சரியாகவே இருக்கும். முழங்கால் வலியோடு நடக்கும் அம்மாவுக்கு அது இருபது நிமிடம், நடுவில் உட்கார ஓர் இடமும் வேண்டும். மருந்துக் கடை, மருத்துவர், பஸ் நிறுத்தம், பொழுது போக நாலு பேர் உட்காரும் ஒரு பூங்கா ஆகியவற்றை அவருடைய நடையால் அளந்து பாருங்கள். நீங்கள் பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பீர்கள். அந்தத் தெருவில் முழுநேரம் வாழப்போகிறவர் அவர். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே போய்ப் பார்க்காமலே திரும்பிவிடுங்கள்.

இரவில் திரும்பி வரும் வழியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். நீளமான மதில், வாகன நிறுத்தம், மாலையோடு பூட்டிவிடும் அலுவலகக் கட்டடங்கள் மட்டும் கொண்ட தெருவில் விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் நெஞ்சு திக்திக்கென்றுதான் இருக்கும். தரைத்தளத்தில் பத்து மணி வரை திறந்திருக்கும் இரண்டு சிறு கடைகள், மேலே வெளிச்சம் தெரியும் ஜன்னல்கள் இருந்தால் போதும். நிலையத்திலிருந்து வீடு வரை ஒருமுறை இருட்டியபின் நடந்து பாருங்கள். கால் தானாக வேகம் பிடிக்கும் இடம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வீடு சிறிதாகிவிடுமே என்ற தயக்கம் நிச்சயம் வரும். இங்கே நான் உங்கள் கட்சி. பொருளாதார அறிஞர்கள் அலாய்ஸ் ஸ்டட்சரும் புருனோ ஃபிரேயும் ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், வேலைக்குப் போய்வர அதிக நேரம் செலவிடுகிறவர்கள் வாழ்க்கையில் குறைவான நிறைவையே கொண்டிருக்கிறார்கள் என்று கண்டார்கள். நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டவில்லை. தினம் மூன்று மணி நேரம் போய்வந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் அறை குறைந்தால் குறையட்டும்.

ஒப்பந்த விஷயத்தில் ஒன்றே ஒன்று: முதல் மாதம் தற்காலிகமாக எங்காவது தங்கிக்கொண்டு தேடுங்கள். ஊரைப் பார்க்காமல் தொலைவிலிருந்தே ஓராண்டுக்குக் கையெழுத்திடாதீர்கள்.

மூன்றில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், பழைய சந்தைப் பகுதியைச் சொல்வேன். சந்தையை ஒட்டி அல்ல, இரண்டு மூன்று தெரு தள்ளி. அன்றாடத் தேவைக்கு வாகனம் ஏறவேண்டியிருக்காது. பகலில் அம்மாவுக்கு மனித முகங்கள் தென்படும். நிலையத்துப் பகுதி வந்து போகிறவர்களுக்கானது, அண்டை வீட்டுக்காரர் அடிக்கடி மாறுவார். உணவகப் பகுதி உங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை பிடிக்கும்; அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாளும் பிடிக்காது. அதோடு, புதிதாகப் பெயரெடுக்கும் இடங்களில் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளைக் கொஞ்சம் அச்சத்தோடுதான் எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

வீடு ஓரளவு முடிவானதும், காலி செய்துகொண்டு போகிறவரை எப்படியாவது பிடியுங்கள். வீட்டுக்காரரும் தரகரும் அருகில் இல்லாதபோது, ஏன் போகிறீர்கள் என்று கேளுங்கள். “மாற்றலாகிவிட்டது” என்று உடனே சொன்னால் நல்லது. ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால், நீங்களும் அந்த ஜன்னலைத் திறந்து எட்டிப் பாருங்கள்.