கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன்: 2024-ன் குற்ற நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

2024-ல் வந்த குற்ற நாவல்களில் எனக்குப் பிடித்தவை எவை, ஏன் என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எல்லாம் ஆங்கிலத்தில் படித்தவை. இந்த 2024 நாவல்களின் கொலையாளி பெயர் எந்தப் பதிலிலும் வராது, தைரியமாகப் படிக்கலாம்.

கேள்வி: ஒரே ஒரு நாவல் படிக்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் படிக்கலாம் சார்?

லிஸ் மூரின் 'தி காட் ஆஃப் த வுட்ஸ்'. 1975 ஆகஸ்ட். நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலைக்காட்டில் பிள்ளைகளுக்கான ஒரு கோடை முகாம். ஒருநாள் காலையில் பார்பரா என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணின் படுக்கை காலியாகக் கிடக்கிறது. முகாம் நடக்கும் நிலமே அவள் குடும்பத்துச் சொத்து. பதினான்கு வருடத்துக்கு முன்பு அவளுடைய அண்ணனும் அங்கேதான் காணாமல் போனான். அவனை அவள் பார்த்ததே இல்லை, அதற்குப் பிறகு பிறந்தவள்.

முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது ஒரு விதி: வழி தவறினால் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டுக் கூப்பிடு. ஏதோ முகாம் நடைமுறை என்று நாமும் படித்துவிட்டுப் போகிறோம். பாதி நாவல் தாண்டிய பிறகுதான், யார் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதுதான் மொத்தக் கதையும் என்று பிடிபடுகிறது. மலைமேல் மாளிகை கட்டிய பணக்காரக் குடும்பம் அதற்கு வைத்த பெயர் 'செல்ஃப் ரிலையன்ஸ்'. தன் கையே தனக்கு உதவியாம்! கட்ட உழைத்ததெல்லாம் ஊர்க்காரர்களின் கை.

1950-களுக்கும் 1961-க்கும் 1975-க்கும் கதை தாவிக்கொண்டே இருக்கும். அத்தியாயத் தலைப்பில் காலம் போட்டிருக்கிறது, அதை விட்டுவிடாமல் பாருங்கள். முடித்த கையோடு முதல் முப்பது பக்கத்தைத் திரும்பப் படித்தேன். விடை அங்கேயே, கண்ணெதிரில் இருந்தது.

கேள்வி: 'பட்டர்' நாவலைக் குற்றக் கதை என்கிறார்கள். பாதி புத்தகம் சமையல்தானே?

பாதிக்கு மேல் என்றே சொல்லலாம். அதுதான் அதன் சாமர்த்தியம்.

அசாகோ யுசுகி ஜப்பானிய மொழியில் 2017-ல் எழுதியது. போலி பார்ட்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2024-ல் வந்தது. திருமணம் செய்துகொள்வதாகச் சொல்லிப் பழகிய ஆண்களைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு ஜப்பானியப் பெண்ணின் உண்மை வழக்குதான் நாவலுக்கு வித்து. கதையில் அந்தப் பெண்ணின் பெயர் மனாகோ கஜீ. சிறையில் இருக்கிறாள், எந்தப் பத்திரிகைக்கும் பேட்டி தரமாட்டாள். ரிகா என்ற பத்திரிகையாளர் வழக்கைப் பற்றி எதுவும் கேட்காமல், கஜீ, இறந்துபோனவருக்குக் கடைசியாகச் சமைத்துப் போட்ட மாட்டிறைச்சிக் குழம்பின் செய்முறையைக் கேட்டு எழுதுகிறாள். உடனே கதவு திறக்கிறது.

அப்புறம் அவள் ரிகாவுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கத் தொடங்குகிறாள். சுடச்சுட வடித்த சோற்றில் வெண்ணெய் வைத்து, சோயா சாஸ் விட்டுச் சாப்பிட வேண்டும். வெண்ணெய் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், உருகும் முன்பே வாயில் போட வேண்டும். ரிகா அப்படியே செய்கிறாள். அந்த ஒரு பக்கத்தில், விசாரிக்க வந்தவள் விசாரிக்கப்படுபவளின் கைக்குள் போய்விடுகிறாள். கத்தியும் இல்லை, மிரட்டலும் இல்லை, எனக்கு முதுகு சில்லிட்டது. கொன்றாளா இல்லையா என்ற கேள்வி எங்கேயோ பின்னால் நிற்கிறது. அதற்கான பதிலைத் தேடித்தான் படிப்பீர்கள் என்றால் இந்த நாவல் உங்களுக்கு எரிச்சலைத்தான் தரும். நடுவில் கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது.

கேள்வி: யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் அந்தப் புத்தகத்தையே தொட மனம் வருவதில்லை. உங்களுக்கு?

எரிச்சல் வரும், ஆனால் படிப்பேன். முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற நாவல் தெரியாமல் படித்தாலும் அரை உயிர்தான்.

சந்தேகமிருந்தால் ரூத் ரெண்டலின் 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்' படியுங்கள். 1977-ல் வந்தது. யூனிஸ் என்ற வீட்டுப் பணிப்பெண் கவர்டேல் குடும்பத்தைக் கொன்றாள், எழுதப் படிக்கத் தெரியாததால் கொன்றாள் என்று முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது. யார், யாரை, ஏன், எல்லாம் முடிந்தது. ஆனால் வெளியே போகிற அவசரத்தில் வீட்டுக்காரம்மா அவளுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகும்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வைத்தவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மர்ம நாவலுக்கும் சஸ்பென்ஸ் நாவலுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அந்தச் சீட்டுதான் வித்தியாசம். மர்மத்தில் எழுத்தாளர் நம்மிடம் மறைக்கிறார். சஸ்பென்ஸில் நம்மையும் உடந்தையாக்கிவிடுகிறார்.

கேள்வி: வேகமாக ஓடுகிற த்ரில்லர் எதுவும் உங்களுக்குப் பிடிக்காதோ?

ஏன் பிடிக்காது? அபீர் முகர்ஜியின் 'ஹண்டட்' இருக்கிறதே. அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சில நாள் முன்பு ஒரு வணிக வளாகத்தில் குண்டு வெடிக்கிறது. சந்தேகம் விழுந்த பிள்ளைகளைப் போலீசுக்கு முன்பே கண்டுபிடித்துவிட ஒரு தந்தையும் ஒரு தாயும் ஓடுகிறார்கள். ஒரே மூச்சில் படிக்கலாம்.

கேள்வி: தொடர் நாவல்களை வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் அவசியமில்லை. கேட் அட்கின்சனின் 'டெத் அட் த சைன் ஆஃப் த ரூக்' துப்பறிவாளர் ஜாக்சன் பிராடி வரிசையில் ஆறாவது. திருடுபோன ஓவியம், பனிப்புயலில் மாட்டிய பழைய மாளிகை, அதற்குள் ஒரு கொலை நாடகக் கூத்து என்று சிரிக்கச் சிரிக்கப் போகிறது. நேராக இதிலேயே நுழையலாம்.

ஆனால் டானா ஃபிரெஞ்சின் 'தி ஹண்டர்' படிக்கும் முன் 2020-ல் வந்த 'தி சர்ச்சர்' கட்டாயம். இல்லாவிட்டால் முதல் நாவலின் ரகசியம் வீணாகிவிடும். சிகாகோவில் போலீஸாக இருந்து ஓய்வுபெற்ற கால் ஹூப்பர் அயர்லாந்தின் மேற்கில் ஒரு கிராமத்தில் குடியேறியிருக்கிறார். ட்ரே என்ற பெண்ணை மகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார். ஊரைவிட்டு ஓடிப்போன அவளுடைய அப்பா, ஒரு ஆங்கிலேயரையும் தங்கம் கிடைக்கும் என்ற கதையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறான். பிணம் விழ வெகுநேரம் ஆகும், பொறுமை வேண்டும். அதுவரை நடப்பதெல்லாம் பேச்சுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் மார்ட் வேலியோரம் நின்று கிண்டலடிப்பார், வானிலை பற்றிப் பேசுவார், போகிற போக்கில் ஒரு மிரட்டலையும் வைத்துவிட்டுப் போவார். எந்த வாக்கியத்தில் வைத்தார் என்று திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கும். வசனம் எழுதக் கற்றுக்கொள்ள 2024-ல் இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆட்டிகா லாக்கின் 'கைட் மீ ஹோம்' இன்னும் கண்டிப்பு. டெக்சஸ் ரேஞ்சர், அதாவது அந்த மாநிலத்தின் புலனாய்வு அதிகாரி, டாரன் மாத்யூஸ் பற்றிய மூன்று நாவல்களில் கடைசி. முதல் நாவலில் (2017) கிளம்புகிற ஒரு துப்பாக்கி விவகாரம் இங்கே வந்துதான் தீர்கிறது. ஒரு மாணவி காணாமல் போகிறாள், ஆனால் அவள் வீட்டாரே காணாமல் போகவில்லை என்று சாதிக்கிறார்கள்.

கேள்வி: நானும் ஒரு துப்பறியும் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். துப்பை எங்கே ஒளிப்பது? எங்கே வைத்தாலும் நண்பர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஒளிப்பதால்தான் கண்டுபிடிக்கிறார்கள் தம்பி. துப்பறிவாளர் கண்டதெல்லாம் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்று துப்பறியும் கதைகள் எழுதிய ஆங்கிலேயப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் போட்ட பத்து விதிகளில் ஒன்று சொல்கிறது. அந்த விதியை மீறாமல் ஏமாற்றுவதில்தான் தொழில் இருக்கிறது.

ஒரு வழி, கேள்வி பிறக்கும் முன்பே விடையை வைத்துவிடுவது. கொலை நடந்த பிறகு மேஜைமேல் கிடக்கும் சாவியை எல்லோரும் முறைத்துப் பார்ப்பார்கள். கொலைக்கு மூன்று அத்தியாயம் முன்பு, இருவர் வாய்ச்சண்டை போடும்போது ஒருவர் கையில் இருக்கும் சாவியை யாரும் பார்க்கமாட்டார்கள். சண்டையை மட்டும் சுவாரஸ்யமாக எழுதிவிடுங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, துப்பைத் தவறான விளக்கத்தோடு கொடுப்பது. ஆண்டனி ஹோரோவிட்ஸின் துப்பறிவாளர் ஹாதார்ன் வரிசையில் எழுத்தாளரே உதவியாளராக வருகிறார். எல்லாவற்றையும் பார்ப்பார், எல்லாவற்றுக்கும் தப்பான அர்த்தம் கற்பிப்பார். விளக்கம் கிடைத்த திருப்தியில் நாமும் தாண்டிப் போய்விடுவோம். 2024-ல் வந்த 'க்ளோஸ் டு டெத்' அந்த வரிசையில் ஐந்தாவது. ஒரே வளாகத்துக் குடியிருப்பில் எல்லோருக்கும் ஆகாத ஒருவர் குறுக்குவில் அம்பு பாய்ந்து சாகிறார். அக்கம்பக்கத்தார் அத்தனை பேருக்கும் காரணம் உண்டு. ஒரு பென்சிலோடு படியுங்கள்.

கேள்வி: எல்லோரும் கொண்டாடும் 'ஆல் த கலர்ஸ் ஆஃப் த டார்க்' உங்கள் பட்டியலில் ஏன் இல்லை?

கிறிஸ் விட்டேக்கரின் ஒற்றைக்கண் சிறுவன் பேட்ச் அருமையான படைப்பு. இருட்டறையில் முகமே தெரியாத ஒரு பெண்ணின் குரலோடு அவன் இருக்கும் பகுதி 2024-ல் நான் படித்த மிகச் சிறந்த பக்கங்களில் சில. அதன் பிறகு ஒவ்வொரு அத்தியாயமும் என்னை அழவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தது. நூற்றைம்பது பக்கம் குறைந்திருந்தால் பட்டியலில் இருந்திருக்கும். உங்களுக்குப் பிடித்திருந்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

கேள்வி: ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதிய நாவல் எப்படி?

'வி சால்வ் மர்டர்ஸ்' ஜாலியான புத்தகம். மாமனாரும் மருமகளும் சேர்ந்து துப்புத் துலக்குவது புதுசு. ரயில் பயணத்துக்குச் சரி.

கேள்வி: "கடைசிப் பக்கத்தில் தூக்கிவாரிப் போடும்" என்று அட்டையிலேயே போடுகிறார்களே, நம்பலாமா?

நம்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான். திருப்பம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசகர் எல்லாப் பாத்திரத்தையும் போலீஸ்காரர் மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடுவார், கதைக்குள் போகவேமாட்டார். நல்ல திருப்பம் நாம் ஏற்கெனவே படித்ததை மாற்றிக் காட்டும். மோசமான திருப்பம் நாம் படிக்காத ஒன்றைக் கடைசியில் கொண்டுவந்து கொட்டும். 2024-ல் அப்படி மூன்று நான்கை நடுவிலேயே மூடிவைத்தேன். பெயர் வேண்டாம்.

கேள்வி: அடுத்து எதைப் படிக்கப் போகிறீர்கள்?

உகெட்சுவின் 'ஸ்ட்ரேஞ்ச் பிக்சர்ஸ்'. 2025 ஜனவரியில் ஆங்கிலத்தில் வந்தது. வெள்ளை முகமூடியும் கறுப்பு உடையும் போட்டுக்கொண்டு யூடியூபில் தோன்றும் ஜப்பானிய எழுத்தாளர், முகத்தைக் காட்டியதே இல்லை. குழந்தை கிறுக்கியது மாதிரியான படங்களைப் பக்கத்திலேயே அச்சிட்டு, அதற்குள் கொலைக்கான துப்பை வைத்திருக்கிறாராம். வார்த்தையில் ஒளிப்பவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, கோட்டில் ஒளிப்பவரிடம் ஏமாற ஆசையாக இருக்கிறது.