போர்க்காலத்தில் படைப்பிரிவுகளுக்கு மறைபெயர் எதற்கு?

தொலைபேசியிலும் வானொலியிலும் ஒரு பிரிவின் உண்மையான எண்ணைச் சொல்லாமல், அதற்குப் பதிலாகச் சொல்லும் தொடர்பில்லாத ஒரு சொல்தான் மறைபெயர்.

காரணம் ஒட்டுக்கேட்பு. முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தொலைபேசிகளுக்கு ஒற்றைக் கம்பிதான் இழுத்தார்கள். மின்னோட்டம் மண் வழியே திரும்பியது. எதிர்வரிசையில் ஜெர்மானியர்கள் அந்தக் கசிவைப் பிடித்துப் பேச்சைக் கேட்டார்கள். எந்தப் பிரிவு எதிரே நிற்கிறது, எப்போது மாறுகிறது என்பது தெரிந்துவிட்டால், அடுத்த தாக்குதல் எங்கே என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 101ஆவது வான்குடைப் படையில் 501, 502, 506ஆவது ரெஜிமென்ட்களின் (படையின் பெரிய உட்பிரிவுகள்) மறைபெயர்கள் முறையே 'க்ளோண்டைக்', 'கிக்ஆஃப்', 'கிட்னாப்'. ஆங்கிலத்தில் மூன்றும் 'கே' (K) எழுத்தில் தொடங்கும். ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்குள்ளும் இருக்கும் 1, 2, 3ஆவது பட்டாலியன்களுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம். ஆகவே 'கிட்னாப் புளூ' என்றால் 506இன் மூன்றாவது பட்டாலியன். நினைவில் வைக்க வசதிதான். ஆனால் ஒரே எழுத்து என்பது கேட்பவனுக்கும் துப்பு.

வங்கி டோக்கன் எண் மாதிரி: கூப்பிடும்போது யார் என்று கூட்டத்துக்குத் தெரியாது, நேற்றைய டோக்கன் இன்று செல்லாது. இங்கே பெயரை மாற்றாமல் நீண்ட நாள் வைத்திருந்தாலோ, அவசரத்தில் மறைபெயரையும் உண்மை எண்ணையும் ஒரே உரையாடலில் உளறினாலோ எல்லாம் வீண்.

'ஓவர்லார்ட்' போன்றவற்றை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது பிரான்ஸின் நார்மண்டியில் நேசநாடுகள் நடத்திய படையெடுப்பின் பெயர், எந்தப் பிரிவின் பெயரும் அல்ல.